வீடு காலி பண்ணும்போது அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி

மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீட்டின் மாடிப் போர்ஷனில் மூன்று வருடம் இருந்தேன். வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். ஒரு மாதம்கூட வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. ஜூன் 30 அன்று சாவியைக் கொடுத்தேன். அட்வான்ஸின் கடைசித் தவணை என் கணக்குக்கு வந்தது அக்டோபர் 23. நூற்றுப் பதினைந்து நாள். இடையில் எத்தனை முறை போன் பண்ணினேன் என்று எண்ணவில்லை. எண்ணினால் எனக்கே அசிங்கமாக இருக்கும்.

ஓனர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். நாம் கொடுத்த அட்வான்ஸை யாரும் பேங்கில் தனியாக எடுத்து வைப்பதில்லை. போர் போட்டிருப்பார்கள், பழைய குடித்தனக்காரருக்குக் கொடுத்திருப்பார்கள், யாருக்காவது கல்யாணம் நடந்திருக்கும். நமக்கு வரவேண்டிய பணம் பெரும்பாலும் அடுத்துக் குடிவரப் போகிறவரின் பையில்தான் இருக்கிறது. "புது ஆள் வந்ததும் தந்துடுறேன் தம்பி" என்று அவர் சொன்னதன் முழு அர்த்தமும் இதுதான். இது முதலிலேயே புரிந்திருந்தால் என் தேதிகளை வேறு மாதிரி வைத்திருப்பேன். சென்னையில் முதல்முறை வீடு மாறுகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. காலண்டரைப் பார்த்து நோட்டீஸ் கொடுங்கள்

நான் செய்த பெரிய தப்பு ஜூன் கடைசியில் காலி பண்ணியது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள்? வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ஆவணி பிறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு ஏறக்குறைய இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது, கூடவே என் பணமும். மார்கழியும் அப்படித்தான். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை ஆள் வருவது கஷ்டம்.

ஏப்ரல், மே மாதங்களில் காலி செய்தால் நல்லது. பள்ளிக்கூடம் மாற்றுகிறவர்கள் அப்போதுதான் வீடு தேடி அலைவார்கள். முடியாவிட்டால் தை மாதம். ஆடியில்தான் கிளம்பியாக வேண்டும் என்றால், பணம் ஆவணியில்தான் வரும் என்று வைத்துக்கொண்டு புது வீட்டு அட்வான்ஸுக்கு வேறு வழி பாருங்கள். பழைய அட்வான்ஸை வாங்கிப் புது வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நான் ஆபீஸில் சம்பள முன்பணம் வாங்கித்தான் சமாளித்தேன்.

நோட்டீஸை வாயால் சொன்னால் போதாது. வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: இன்ன தேதியில் காலி செய்கிறேன், அக்ரிமெண்ட் படி இத்தனை மாத நோட்டீஸ் இது, அட்வான்ஸ் இவ்வளவு. "சரி" என்று ஒரு பதில் வந்தால்கூடப் போதும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கு வாட்ஸப் பழக்கமில்லை என்றால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.

2. அக்ரிமெண்டை எடுத்துப் படியுங்கள்

கையெழுத்துப் போட்ட நாளில் படித்திருக்க மாட்டோம். இப்போது படியுங்கள். நோட்டீஸ் எத்தனை மாதம், அட்வான்ஸ் தொகை சரியாக எழுதியிருக்கிறதா, எதற்கெல்லாம் பிடித்தம், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று பாருங்கள். என் அக்ரிமெண்டின் இரண்டாம் பக்கத்தில், "காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்காகப் பிடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருந்தது. மூன்று வருடமாக என் பீரோவில்தான் இருந்திருக்கிறது.

அட்வான்ஸ் கொடுத்ததற்கான ஆதாரத்தையும் இப்போதே தேடி எடுங்கள். பேங்க் வழியாக அனுப்பியிருந்தால் அந்த மாத ஸ்டேட்மெண்ட். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரசீது. ரசீது வாங்கவில்லை, அக்ரிமெண்டிலும் தொகை குறைத்து எழுதியிருக்கிறது என்றால், உறவு நன்றாக இருக்கும்போதே "அங்கிள், அட்வான்ஸ் ஒரு லட்சம் உங்ககிட்ட இருக்கு இல்லையா" என்று வாட்ஸப்பில் பேச்சுக்கொடுத்துப் பதில் வாங்கிவிடுங்கள். சண்டை வந்த பிறகு அந்தப் பதில் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, அக்ரிமெண்டில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தரவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். அக்ரிமெண்டை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் வருகிறது. பதிவு செய்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். "பதினோரு மாத அக்ரிமெண்ட்தானே, பதிவு எதற்கு?" என்று புரோக்கர் சொல்வார். சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குத்தான் அந்தப் பதினோரு மாதக் கணக்கு. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. என்னுடையது பதிவாகவில்லை. அதனால் வந்த சங்கடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

3. எவ்வளவு முடியுமோ அவ்வளவை வாடகையிலேயே கழித்துவிடுங்கள்

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்கும்போதே, "இந்த ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று கேளுங்கள். என் கணக்கில் 28,000 அப்படியே கழிந்திருக்கும். நான் ஒரு லட்சத்துக்கு அலைந்திருக்க வேண்டாம், 72,000-க்கு அலைந்திருப்பேன். அவரும் மொத்தமாகப் புரட்ட வேண்டிய தொகை குறைகிறது, அதனால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஆறேழு மாத அட்வான்ஸ் கொடுத்திருந்தால், சேதாரத்துக்கு ஒரு மாத வாடகையை மட்டும் விட்டுவிட்டு மீதியை மாதாமாதம் கழித்துக்கொள்ளலாமா என்று மூன்று நான்கு மாதம் முன்பே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கேட்காமல் வாடகையை நிறுத்தாதீர்கள். அது வாடகை பாக்கி ஆகிவிடும், நம் பக்கம் தப்பாகிவிடும். அவர் சரி சொன்னதும் எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள்.

4. வீட்டைக் காட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கும்போது புரோக்கர் யாரையாவது கூட்டி வருவார். எரிச்சலாகத்தான் இருக்கும். கதவைத் திறங்கள். தண்ணீர் வருமா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் ஓனரைப் பற்றிய புகார்ப் பட்டியலை விரிக்க வேண்டாம். வருகிறவர் கொடுக்கும் டோக்கன் அட்வான்ஸில்தான் நம் பணம் இருக்கிறது. ஆபீஸில் யாராவது வீடு தேடினால் நீங்களே சொல்லிவிடுங்கள். புரோக்கர் கமிஷன் மிச்சம் என்று ஓனரும் மகிழ்ச்சியாக இருப்பார்.

5. சாமான் ஏற்றுவதற்கு முன் பழுது, படம், மீட்டர்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஓனரைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். சாமான் எல்லாம் போன பிறகு காட்டினால், பீரோ நின்ற இடத்துச் சுவர் அப்பட்டமாகத் தெரியும், புதுப் புகார் முளைக்கும். என் ஓனர் டார்ச் லைட்டோடு வந்தார். ஹாலில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைத் தொட்டுப் பார்த்து, "இது நான் அடிச்சது இல்லையே" என்றார். அந்த ஆணி நான் வருவதற்கு முன்பே இருந்தது. நிரூபிக்க என்னிடம் ஒரு படமும் இல்லை. ஆகவே குடிபோகிற அன்றே, சாமான் இறக்குவதற்கு முன் காலி வீட்டை வீடியோ எடுத்து வையுங்கள். புது வீட்டிலாவது செய்யுங்கள்.

சின்னப் பழுதுகளை நீங்களே சரிசெய்துவிடுங்கள். சொட்டுகிற குழாய், எரியாத சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி, கழன்ற தாழ்ப்பாள், அடைத்த சிங்க். சட்டத்தின் அட்டவணையிலும் இவை குடியிருப்பவர் பொறுப்பில்தான் வருகின்றன. நாம் ஆள் வைத்துச் செய்தால் சில நூறில் முடியும். அவர் செய்து பில் போட்டால் ஆயிரத்தில் வரும். நான் ஒரு குழாயையும் ஒரு கண்ணாடியையும் சோம்பலில் விட்டுவிட்டேன். 900 ரூபாய் பிடித்தார். கேட்க நியாயம் இல்லை, கொடுத்துவிட்டேன். பைப் லைன், சுவருக்குள் ஓடும் வயரிங், கூரை ஒழுகல் போன்றவை ஓனர் பொறுப்பு. அதற்கெல்லாம் பிடித்தம் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் கரண்ட் பில். ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். நீங்கள் கிளம்பும் தேதியும் ரீடிங் தேதியும் ஒன்றாக வராது. பில் வரட்டும், பார்த்துக் கழித்துக்கொள்கிறேன் என்று அட்வான்ஸையே நிறுத்தி வைக்க இது நல்ல சாக்கு. கிளம்பும் அன்று மீட்டரைத் தெளிவாகப் படம் எடுங்கள், எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி. நாம் போன பிறகு பெயிண்டர் வருவார், மோட்டார் ஓடும், அந்த யூனிட் எல்லாம் நம் தலையில் ஏறக் கூடாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். அதனால் பாதி மாதக் கணக்கைப் பைசா சுத்தமாகப் போட முடியாது. உத்தேசமாக ஒரு தொகை பேசி, அன்றே கொடுத்துவிட்டுச் செய்தி அனுப்பிவிடுவது நல்லது. நூறு ரூபாய் அதிகம் போனாலும் போகட்டும். நான் பேசாமல் விட்டதால், 1,180 ரூபாய் கணக்குக்காக ஆகஸ்ட் வரை இழுத்தது.

அப்பார்ட்மெண்டில் இருப்பவர்கள் அசோசியேஷனில் மெயின்டெனன்ஸ் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். சில இடங்களில் சாமான் ஏற்ற லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு, முன்பே கேளுங்கள்.

6. பெயிண்டிங்

சென்னையில் அட்வான்ஸ் சண்டைகளில் பாதிக்கு மேல் பெயிண்டிங்கில்தான் தொடங்கும் என்பது என் எண்ணம். சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் ஓனர் பொறுப்பு என்றே இருக்கிறது. வழக்கம் வேறு. ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், அக்ரிமெண்டிலும் எழுதிவிடுவார்கள், நாமும் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

நடைமுறையில் இப்படிப் பேசலாம். ஒரு வருடம்கூட இருக்கவில்லை, குழந்தை கிறுக்கவில்லை என்றால் முழு மாத வாடகை நியாயமில்லை என்று சொல்லுங்கள். மூன்று நான்கு வருடம் இருந்திருந்தால் சுவர் எப்படியும் மங்கித்தான் இருக்கும், அது புழங்கியதால் வரும் தேய்மானம். பெயிண்டரின் கொட்டேஷனைக் கேளுங்கள். "உண்மையில் எவ்வளவு செலவோ அதில் பாதி தருகிறேன்" என்பது பெரும்பாலும் எடுபடும். என் விஷயத்தில் அவர் 18,000 என்று ஆரம்பித்தார். அக்ரிமெண்டில் ஒரு மாத வாடகைதானே இருக்கிறது என்று 14,000-க்கு இறக்கினேன். கடைசியில் பாதி, 7,000-இல் முடிந்தது.

நீங்களே ஆள் வைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது சரிப்படாது. நிறம் சரியில்லை, ஒரு கோட்தான் அடித்திருக்கிறது என்று அதற்கும் பிடிப்பார்கள்.

7. சாவி கொடுக்கும் நாள்

சாவி கைமாறிய பிறகு நம் பேச்சுக்கு எடை குறைந்துவிடும். பணம் வரும்வரை சாவியைத் தர மாட்டேன் என்று உட்கார்ந்தால் அதுவரைக்கும் வாடகை கேட்பார்கள். ஆகவே சாவி கொடுக்கும்போது பணம், இல்லாவிட்டால் காகிதம். வெறுங்கையோடு மட்டும் படி இறங்காதீர்கள்.

காகிதத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"இன்ன முகவரியில் உள்ள மாடிப் போர்ஷனை இன்று (தேதி) காலி செய்து, மூன்று சாவிகளையும் ஒப்படைத்தேன். ஈபி மீட்டர் ரீடிங் இவ்வளவு. வாடகை பாக்கி இல்லை. அட்வான்ஸ் ரூ. 1,00,000. இதில் ஒப்புக்கொண்ட பிடித்தம் ரூ. (தொகை). மீதி ரூ. (தொகை) இன்ன தேதிக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்."

இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. வக்கீல் தேவையில்லை. கையால் எழுதினால் போதும். நான் இதை எழுதிக்கொண்டு போயிருந்தால் பின்னால் நடந்த பாதிப் பேச்சு நடந்திருக்காது. "எவ்வளவு கழிக்கணும்னு அப்புறம் பேசிக்கலாம் தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். காபி நன்றாகத்தான் இருந்தது.

பின்தேதியிட்ட செக் கொடுத்தால் இன்னும் நல்லது, கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதியில் போட்டு, பணமில்லை என்று திரும்பினால், அதை பேங்க் நமக்குத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால் செக் மோசடி வழக்குப் போடலாம். இதைத் தெரிந்தவர்கள் சும்மா செக் எழுத மாட்டார்கள். எழுதினால் பணம் போட்டு வைப்பார்கள். செக் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

8. ஒரு மாதம் தாண்டியும் வரவில்லையா

முதலில் போனை நிறுத்துங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை, கோபமும் வரும். வாரம் ஒரு செய்தி, எழுத்தில், மரியாதையாக, தொகையும் தேதியும் போட்டு. தவணையாகத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் "பகுதித் தொகை பெற்றேன், பாக்கி இவ்வளவு" என்று ஒவ்வொரு முறையும் அனுப்புங்கள். எனக்கு ஆகஸ்ட் கடைசியில், புதுக் குடித்தனம் வந்த வாரம், 40,000 வந்தது. மீதி அடுத்த மாதம் என்றார். அடுத்த மாதமும் போனது. புது ஆளிடம் வாங்கிய அட்வான்ஸ் அதற்குள் வேறு எதற்கோ போயிருக்க வேண்டும். ஆள் குடிவந்த வாரத்திலேயே நேரில் போய் உட்கார்ந்திருக்க வேண்டியவன், நாகரிகம் பார்த்து விட்டுவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பயனில்லை. சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்தது வக்கீல் நோட்டீஸ். தொகை, காலி செய்த தேதி, ஆதாரங்கள், 15 நாள் கெடு, இவை இருந்தால் போதும். நான் கொடுத்த பீஸ் 2,500 ரூபாய். ரிஜிஸ்டர் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் பெற்றுக்கொண்ட அத்தாட்சி கேட்டு அனுப்ப வேண்டும். வாட்ஸப்பிலும் ஒரு பிரதி போடச் சொன்னார் வக்கீல். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் ஓனரின் மகன் போன் பண்ணினார், அதுவரை அப்படி ஒரு மகன் இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் பேசித் தீர்க்கலாம் என்றார். பெயிண்டிங் பாதிக்கு வந்தது அந்தப் பேச்சில்தான்.

நோட்டீஸுக்கும் அசையாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு. வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், கட்டணமும் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. விவரத்துக்கு 15100-ஐ அழைக்கலாம்.

இன்னொன்று வழக்கு. பதிவு எண் இருந்தால் வாடகைச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை நீதிமன்றம் வரை போகலாம். பதிவாகாத அக்ரிமெண்ட் என்றால் அதைச் சான்றாகக் காட்டுவதிலேயே சிக்கல் வரும் என்று என் வக்கீல் கையை விரித்தார். நோட்டீஸோடு முடித்துக்கொள்ளப் பார்க்கலாம் என்று அவர் சொன்னதற்கும் நான் பாதிப் பெயிண்டிங்குக்கு இறங்கியதற்கும் அதுதான் காரணம். அப்படிப்பட்ட நிலையில் பேங்க் ஸ்டேட்மெண்ட், வாட்ஸப் செய்திகள், சாவி ஒப்படைத்த காகிதம்தான் துணை. பணத்துக்கான வழக்குக்கு மூன்று வருடக் கெடு உண்டு, அதுவரை இழுக்க விடாதீர்கள்.

9. பணம் வரும் நாள்

"ஜிபே லிமிட் தாண்டிடுச்சு", "நாளைக்கு பேங்க் லீவு" என்பதெல்லாம் வரும். ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை அனுப்பலாம். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியும் ஓடுகிறது. சண்டை போடாமல் இதை மட்டும் சொல்லுங்கள்.

மொத்தமும் வந்த பிறகு ரசீது கேட்பார்கள். கொடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. ஆனால் பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு மீதியை மறந்துவிட்ட கதையை என் ஆபீஸிலேயே கேட்டிருக்கிறேன்.

என் கணக்கு இப்படி முடிந்தது: பெயிண்டிங் 7,000, கரண்ட் 1,180, குழாயும் கண்ணாடியும் 900. ஆக 9,080 போக, 40,000-மும் 50,920-மும் இரண்டு தவணையாக வந்தன. வக்கீலுக்கு 2,500 தனி. ரசீது கொடுக்க நேரில் போனபோது ஹாலுக்குப் புது இளம்பச்சை அடித்திருந்தார்கள். அந்த ஆணி அங்கேயேதான் இருந்தது. புதுக் குடித்தனக்காரரின் காலண்டர் அதில் தொங்கியது.